ஒரே உறையில் இரண்டு விண்ணப்பம்

எந்தச் சட்டப் படிப்பில் சேருவது என்று முடிவெடுக்கத் திருத்தக்காரியும் அவள் கணவரும் எடுத்துக்கொண்ட நேரம், ஒரு குடை வாங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைவு. குடை என்றால் விரித்துப் பார்த்திருப்பார்கள், கம்பியை ஆட்டிப் பார்த்திருப்பார்கள். பட்டத்துக்கு அதுகூட இல்லை. கொழுந்தன் கொண்டுவந்து மேசையில் வைத்த வழவழப்பான சிற்றேட்டின் அட்டையில் 'ஒரு பட்டம், இரண்டு நாடு' என்று போட்டிருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அவளைத் திருத்தக்காரி என்று முதலில் அழைத்தது கணவர்தான். சட்டப் புத்தகங்கள் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் பதினாறு வருடமாகப் பிழை திருத்துகிறவள் அவள். சட்டப் பிரிவுகளை வக்கீல்கள் வாசிப்பதைவிடக் கவனமாக வாசித்தவள். ஆனால் அர்த்தத்துக்காக அல்ல, அரைப்புள்ளிக்காக. அவரோ பேருந்து நிறுவனத்தின் புகார் பிரிவில் இருந்தார். 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் எழுதிய மனிதரை அலுவலகத்தில் 'பரிசீலனை' என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் ஒரு வேலை சொன்னாலும், "பரிசீலனையில இருக்கு" என்பார்.

நாற்பது வயதில் சட்டம் படிக்கும் ஆசையை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அவர்தான்.

"பதினாறு வருஷமா சட்டத்தைப் படிக்கிறே. பட்டம் ஒண்ணுதான் பாக்கி. நான் தினம் நாப்பது பேர் வழக்கைக் கேக்கிறேன், தீர்ப்புதான் சொல்றதில்ல. நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு வக்கீல் தேறும்."

"ஒரு வக்கீல் தேறினா யாருக்குப் பேர்?"

"உனக்குத்தான். நான் கோட்டு போட்டுக்கறேன், அது போதும்."

உள்ளூர்க் கல்லூரியில் படிக்க வேண்டுமானால் நான்கு வருடம், அதுவும் பகலில். கொழுந்தன் அதை ஒரு கையசைப்பில் ஒதுக்கினான். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் வழிகாட்டி மையம் ஒன்றை அவன் நடத்திக்கொண்டிருந்தான். சிற்றேட்டு நடையிலேயே பேசிப் பழகியவன்.

"அண்ணி, இங்க படிச்சா இங்க மட்டும்தான். அங்க படிச்சா அங்கயும் வக்கீல், இங்கயும் வக்கீல். முதல் வருஷம் வீட்டிலேருந்தே, ரெண்டாம் வருஷம் நேர்ல. மொத்தமே ரெண்டு வருஷம்."

"அங்கயும் இங்கயும்னு அவங்க எழுதியிருக்காங்களா, இல்ல நீ சொல்றியா தம்பி?"

"அட்டையிலயே இருக்கே அண்ணி."

இருந்தது. 'இரண்டு நாடு' என்பதன் தலையில் ஒரு சின்ன நட்சத்திரமும் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம்: 'அந்தந்த நாட்டு விதிகளுக்கு உட்பட்டது.' திருத்தக்காரி அதைப் பார்க்காமல் விடவில்லை. மேலே உள்ள நட்சத்திரம் பெரிதாகவும் கீழே உள்ளது சிறிதாகவும் இருப்பதைக் கண்டு, இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தாள். பிறகு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, கறுப்பு அங்கியில் படம் எடுத்துக்கொண்ட கையோடு, அந்த நாட்டில் தொழில் செய்ய என்ன வழி என்று விசாரித்தார்கள். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. பட்டம் அருமையானது. தொழில் செய்ய இரண்டு வருடப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குத் தங்கும் அனுமதி வேண்டும். அனுமதிக்கு வேலை வேண்டும். வேலைக்குப் பயிற்சி முடித்த சான்று வேண்டும். அவர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "நம்ம பிரிவுல இந்த மாதிரி எழுத ஆள் இல்லை" என்று உண்மையான பொறாமையுடன் சொன்னார்.

ஊர் திரும்பினார்கள். அங்கே அவர்கள் அந்நியர்கள். இங்கே அவர்கள் உள்ளூர்க்காரர்கள்; பட்டம் அந்நியம். அந்நியப் பட்டம் உள்ளவர்கள் வக்கீலாகப் பதிய வேண்டுமானால் சட்டத்தொழில் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலில் தேர்வு, அடுத்து ஒரு மூத்த வக்கீலிடம் ஆறு மாதப் பயிற்சி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக, அந்தப் பட்டம் செல்லுமா செல்லாதா என்ற முடிவு. செருப்புத் தேய நடந்து முடித்த பிறகு கால் அளவு கேட்பதுபோல.

தவறு நடந்தது விண்ணப்பம் போட்ட அன்று. அவள் இரண்டு உறை எடுத்துவைத்திருந்தாள். அவர் ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்.

"ஒரே கவர்ல போடுவோம். ஒண்ணாப் படிச்சோம், ஒண்ணாவே நகரட்டும்."

"ஆபீஸ்காரர் நீங்க. தனித்தனியா போடணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பன்னிரண்டு மணி நேரம் புகார் பிரிவுல இருந்தவனுக்கு வீட்டுக்கு வந்தா ஆபீஸ் புத்தி வேலை செய்யாது. நான் சொல்றதைக் கேளு. என்னோடதை மேல வைக்கறேன். ஏதாவது ஆட்சேபணை வந்தா முதல்ல என் தலையில விழட்டும்."

சபையின் வரவுப் பிரிவில் ஓர் உறைக்கு ஓர் எண்தான். அந்த எண்ணுக்குள் மேலே இருந்தது ஒன்று, கீழே இருந்தது இரண்டு. ஒரே கல்லூரி, ஒரே வருடம், ஒரே பட்டம். ஆகவே அவருடையது மூலக் கோப்பு, அவளுடையது இணைக் கோப்பு என்று இரண்டையும் ஒரே நாடாவில் கட்டிவிட்டார்கள். மூலக் கோப்பில் என்ன முடிவோ அதுவே இணைக் கோப்புக்கும். மூலம் நகராமல் இணைப்பு நகராது.

இதை அவர்களுக்கு விளக்கியவர் பிரிவு அலுவலர் அம்மா. விண்ணப்பதாரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பின்குறிப்பு. எதையும் மறுக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் சரி என்பார். நீங்கள் எழுந்து கதவுவரை போனபிறகு, "பின்குறிப்பு ஒண்ணு" என்பார். அந்த ஒன்றுக்காக இன்னும் மூன்று வாரம் அலைய வேண்டியிருக்கும்.

தேர்வில் இருவரும் தேறினார்கள். அவள் நன்றாகவே தேறினாள். அவர் இரண்டு மதிப்பெண்ணில் தப்பித்து, "அந்த ரெண்டும் பரிசீலனையில வந்தது" என்றார். தேர்வு முடிவு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் உறுதிமொழி எடுத்துப் பதியாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

பயிற்சிக்குப் போன சீனியரின் அறை ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. அங்கே ஆறு மாதத்தில் அவர்கள் கற்றது பெரும்பாலும் வாய்தா கேட்பது. சீனியர் காலையில் மூன்று வழக்கில் வாய்தா கேட்பார், மாலையில் அடுத்த நாளைக்கான காரணங்களைத் தயார் செய்வார். "வக்கீலுக்கு ஒரே ஒரு சட்டம் தெரிஞ்சா போதும், தேதி தள்ளிப்போடற சட்டம்" என்று கணவர் வீட்டுக்கு வந்து சிரிப்பார். வேலை இல்லாத மதியங்களில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து படிவம் நிரப்பிப் பழகினார்கள். அப்படி ஒரு நாள், 'எனக்காக ஆஜராகி வாதாட இவருக்கு அதிகாரம் அளிக்கிறேன்' என்னும் வக்காலத்துப் படிவத்தில், கட்சிக்காரர் இடத்தில் அவர் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

"என்ன வழக்கு?"

"எல்லா வழக்கும். இனிமே நான் பேசறதா இல்ல. எதுவா இருந்தாலும் என் வக்கீல் பேசுவா."

"ஃபீஸ்?"

"பரிசீலனையில இருக்கு."

அவள் அதை மடித்துத் தன் நாட்குறிப்பில் செருகிக்கொண்டாள்.

இறுதி விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு காலை, பேருந்து நிறுத்தத்தில், புகார் எழுதவே வழியில்லாத ஓரிடத்தில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் நல்லவர்கள். பையையும் கண்ணாடியையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவள் அதன்பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள், படிவங்கள் சொல்லின, அவள் தலையசைத்தாள்.

ஐந்து மாதம் போனது. விசாரணைத் தேதியும் அவள் போகாமலே கடந்தது. தேர்வு முடிவு அந்த மாதம் முப்பதாம் தேதியோடு செல்லாமல் போகும் என்று நினைவூட்டல் வந்தபோதுதான் அவள் மறுபடியும் சபைக்குப் போனாள். கூடக் கொழுந்தனும் வந்தான். அண்ணன் போனதிலிருந்து அவன் சிற்றேட்டு நடையில் பேசுவதைக் குறைத்திருந்தான்.

பின்குறிப்பு அம்மா கோப்பைப் புரட்டினார். "மூலக் கோப்புக்காரர் வரலியே."

"அவர் இறந்துட்டாருங்க" என்றான் கொழுந்தன்.

"தெரியும் தம்பி. கேட்டு ரொம்ப வருத்தப்பட்டேன். ஆனா மூலக் கோப்புக்காரர் வரலியே."

"என்னோடதைத் தனியாப் பிரிச்சிடலாம் இல்லையா?" என்று கேட்டாள் அவள்.

"தாராளமாப் பிரிக்கலாம். மூல விண்ணப்பதாரர் சம்மதக் கையெழுத்துப் போடணும்."

"அப்ப மூலக் கோப்பை மூடிடுங்க" என்றான் கொழுந்தன்.

"மூடலாமே. மூடினா இணைப்பும் சேந்து மூடிக்கும்."

"அப்ப என்னதான் வழி?"

பின்குறிப்பு அம்மா யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. "அவர் வந்தா ஒரு நிமிஷ வேலை" என்றார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் கொழுந்தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இன்னொரு படிப்பு வந்திருக்கு. இது மூணு நாடு." அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த தாளை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அன்று மாலை அச்சகத்தில், பழைய மெய்ப்புகள் அடுக்கிய அலமாரியின் முன்னால் அவள் நின்றாள். சபையின் விதிநூலை அச்சடித்ததே அந்த அச்சகம்தான். ஒன்பது வருடத்துக்கு முன் அதன் மெய்ப்பைத் திருத்தியவள் அவளே. அரைப்புள்ளிக்காக வாசித்ததை முதல்முறையாக அர்த்தத்துக்காக வாசித்தாள். நாற்பத்தோராம் விதி: நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது விண்ணப்பதாரர் இறந்துபோனால், அவருடைய சட்டப்படியான வாரிசு அவருடைய இடத்தில் கோப்பில் சேர்க்கப்படலாம். ஓரத்தில் அவளுடைய பழைய பென்சில் குறி ஒன்று இருந்தது. 'வாரிசு' என்ற சொல் வரிக் கடைசியில் உடைகிறது, சேர்க்கவும்.

பிள்ளைகள் இல்லை. மாமனார் மாமியார் முன்னமே போய்விட்டார்கள். வாரிசு அவள் ஒருத்திதான்.

தன்னை வாரிசாகச் சேர்க்கக் கேட்டு அவள் எழுதிய மனுவைப் பின்குறிப்பு அம்மா இரண்டு தரம் படித்தார். அவருடைய முகத்தில் ஒரு கலைஞருக்கு இன்னொரு கலைஞர்மேல் வரும் மரியாதை தெரிந்தது. "சரியா இருக்கும்மா. இனிமே மூலக் கோப்புல அவருக்கு பதிலா நீங்க." அவள் கதவுவரை போனாள். அங்கே நின்று காத்திருந்தாள்.

"பின்குறிப்பு ஒண்ணு. மூலக் கோப்புல ஆள் மாறினா, இணைக் கோப்புக்காரருக்கு நோட்டீஸ் குடுத்து ஆட்சேபணை இல்லைன்னு வாங்கணும்."

"இணைக் கோப்புக்காரர் நான்தாங்க."

"அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் வாங்கிடலாம்."

அவள் தனக்குத் தானே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினாள். மூன்றாம் நாள் தபால்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"அனுப்புனர் நீங்க, பெறுநர் நீங்க. வீட்டுக்குள்ளயே குடுத்துட்டிருக்கலாமேம்மா."

"சட்டம் அப்படி இருக்குங்க."

"சட்டம் என்னை மூணு மாடி ஏத்துது" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஆட்சேபணை தெரிவிக்கப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. அவள் ஒரு நாள் எடுத்துக்கொண்டாள். அவருடைய செருப்பு இன்னும் வாசலுக்குப் பக்கத்துத் தட்டில் இருந்தது. அவருடைய இடத்தில் இன்னொருவர் வருவதில் தனக்கு ஆட்சேபணை உண்டா என்ற கேள்வியை அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தபோது, நேர்மையான பதில் 'உண்டு' என்பதாகத்தான் இருந்தது. மறுநாள் காலை, 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி விசாரணை. சபை மண்டபத்தில் மேடைமேல் மூன்று பேர். நடுவில் தலைவர், வாய்தா என்ற சொல்லைக் கேட்டாலே பல்வலி வந்தவர்போல முகம் சுருக்குகிறவர். அவருக்குப் பின்னால் சுவரில், 'தேதி தள்ளக் கேட்காதீர்கள்' என்று பலகையே மாட்டியிருந்தது. பட்டம் செல்லுமா என்ற கேள்வி, இவ்வளவு அலைக்கழித்த அந்தப் பெரிய கேள்வி, நான்கு நிமிடத்தில் தீர்ந்தது. செல்லும். உடனே உறுதிமொழிக்கு அழைத்தார்கள்.

"எண் ஒன்று" என்று கூப்பிட்டார் டவாலிச் சேவகர். பிறகு இரண்டாம் முறை. முறைப்படி மூன்றாம் முறையும், மண்டபத்துக்கு வெளியே தாழ்வாரம்வரை போய், அவருடைய முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த திருத்தக்காரி, அறியாமையால் அல்ல, பழக்கத்தால், கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதான் வாரிசு இருக்காங்களே" என்றார் இடப்பக்க உறுப்பினர். "அவங்களே அவருக்காக உறுதிமொழி எடுக்கட்டும்."

"உரிமை வாரிசுக்குப் போகும். உறுதிமொழி எப்படிப் போகும்?" என்றார் வலப்பக்க உறுப்பினர்.

"ஏன், வீடு போகுது, வழக்கு போகுது."

"வீட்டுக்கு வாய் இல்லை சார்."

"ஒன்று முடியாம இரண்டை எடுக்க முடியாதுன்னு விதி இருக்கு" என்றார் பின்குறிப்பு அம்மா, கீழே தன் மேசையிலிருந்து.

மறுநாள் முப்பது, சபைக்கு விடுமுறை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், விதிநூலைப் பார்த்தார், கடைசியில் ஒரு வக்கீல் ஆயுள் முழுக்கச் செய்துவந்ததைச் செய்தார்.

"எண் ஒன்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க, அப்புறம் கூப்பிடலாம். ஒதுக்கி வைக்கறது முடிச்சதுக்குச் சமம். இரண்டைக் கூப்பிடுங்க."

இரவல் அங்கியில் அவள் எழுந்து போனாள். வலக்கையை உயர்த்திச் சொல்லச் சொன்னதைச் சொன்னாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள், எண் கொடுத்தார்கள். ஏழு வருடம் இரண்டு நாட்டில் அலைந்தது முக்கால் நிமிடத்தில் முடிந்தது. பின்வரிசையிலிருந்து கொழுந்தன் கைதட்ட ஆரம்பித்து, வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டான்.

"இப்ப எண் ஒன்று" என்றார் தலைவர். பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டார். கோப்பை மூடும் வரியை எழுதக் கை தயாராக இருந்தது. "எண் ஒன்றுக்கு யார் ஆஜர்?"

இன்னும் மேடைமுன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள் அவள். ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும். ஐந்து மாதமாகச் சொல்லாத அந்தச் சொல் கோப்பின் எண்பத்துமூன்றாம் பக்கத்தில், இறப்புச் சான்றில், முத்திரையோடு, ஏற்கெனவே இருந்தது. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி அந்தக் கோப்பால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

"நான் ஆஜராகிறேன்" என்றாள்.

"வாரிசாகவா?"

"வக்கீலாக."

"வக்காலத்து இருக்காம்மா?" என்று பின்குறிப்பு அம்மா வழக்கம்போலக் கேட்டார்.

அவள் நாட்குறிப்பைத் திறந்து, மடிப்பு அடையாளம் விழுந்த அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். பின்குறிப்பு அம்மா கையெழுத்தைக் கோப்பிலிருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே அனுப்பினார். தலைவர் தேதியைப் பார்த்தார். கட்சிக்காரரோடு வக்காலத்தும் போய்விடும் என்பது முதல் வருடப் பாடம். மண்டபத்தில் அது தெரியாதவன் கொழுந்தன் ஒருவன்தான். வலப்பக்க உறுப்பினர் வாயைத் திறந்தார். தலைவர் அவர் பக்கம் கையை லேசாக உயர்த்தியதும் மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க."

"வாய்தா கேட்கிறேன்."

தலைவர் முகத்தைச் சுருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன காரணம்?"

"கட்சிக்காரரோட கொஞ்சம் பேச வேண்டியிருக்குங்க."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. தலைவர் கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்து, கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினார்.

"நாலு வாரம். இதுதான் கடைசி வாய்தா" என்றார், எல்லாரிடமும் எப்போதும் சொல்வதுபோல.

அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டு அவள் மண்டபத்தின் கதவுவரை வந்தாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"பின்குறிப்பு ஒண்ணும்மா."

அவள் நின்றாள்.

"அடுத்த தேதிக்கும் நீங்களேதான் ஆஜராகணும். நடுவுல வக்கீலை மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, நாட்குறிப்பில் நான்கு வாரம் தள்ளிப் பக்கத்தைப் புரட்டி, அவருடைய பெயரை எழுதினாள்.